விவாகரத்து முடியாதவரோடு ஒரே வீட்டில்: சட்டம் எதுவரை துணை வரும்?

கேள்வி: எனக்கு 31 வயது. காட்பாடியில் தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். கிறிஸ்தவக் குடும்பம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவரோடு ஒன்றரை வருடமாகச் சேர்ந்து வாழ்கிறேன். அவர் இந்து, சொந்த ஊர் ஆற்காடு. மனைவியைப் பிரிந்து நாலு வருடம் ஆகிறது, குழந்தை இல்லை, விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வீடு பிடிக்கும்போது கணவன் மனைவி என்று சொல்லிவிட்டோம். ஒப்பந்தம் அவர் பெயரில். அட்வான்ஸ் ஒரு லட்சம் நான் கொடுத்தது. அவருடைய காருக்கு மாதம் 9,200 ரூபாய் தவணையும் 14 மாதமாக என் கணக்கிலிருந்துதான் போகிறது. இப்போது ஹவுஸ் ஓனருக்கு விஷயம் தெரிந்து, "ஒரு வாரத்தில் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் போலீசுக்குப் போவேன்" என்கிறார். மனைவி வீட்டாரும் என் மேல் கேஸ் போடுவோம் என்று மிரட்டுகிறார்கள். "வள்ளிமலைக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் இவர். நாங்கள் செய்வது குற்றமா? என்ன செய்யலாம்? - பெயர் வேண்டாம், காட்பாடி.

பதில்:

சகோதரிக்கு,

குற்றம் இல்லை. வயது வந்த இருவர் விருப்பப்பட்டு ஒரே வீட்டில் வாழ்வது எந்தச் சட்டப்படியும் குற்றமாகாது என்று 2010-இல் நடிகை குஷ்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவருக்கு மனைவி இருக்கிறாரே என்றால், பிறர் மனையோடு உறவு கொள்வதைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவையும் 2018-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதற்கு முன்பும் அந்தப் பிரிவில் பெண்ணைத் தண்டிக்க வழி இருந்ததில்லை. ஆகவே ஓனர் போலீசுக்குப் போனாலும், இந்த ஒரு காரணத்துக்காக எஃப்ஐஆர் போட முடியாது. திருமணமாகாத ஜோடிகளைத் தங்க வைத்தார்கள் என்று கோவையில் ஒரு விடுதிக்குச் சீல் வைத்தபோதும், அவர்கள் அறை எடுத்துத் தங்குவது சட்டவிரோதமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொன்னது.

ஸ்டேஷனிலிருந்து போன் வந்து "ரெண்டு பேரும் வாங்க" என்றால், எழுத்தில் சம்மன் கேளுங்கள். சாட்சியாக விசாரிப்பதென்றால் ஒரு பெண்ணை அவர் குடியிருக்கும் இடத்தில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். இது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆவது பிரிவு. உங்கள் வீட்டார் "பெண்ணைக் காணோம்" என்று புகார் கொடுக்கும் வாய்ப்பு இருந்தால், நீங்களே முந்திக்கொள்ளுங்கள். "நான் 31 வயது வந்தவள், என் விருப்பத்தில் இந்த முகவரியில் இருக்கிறேன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை" என்று கையெழுத்திட்ட கடிதம், ஆதார் நகலோடு, காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்டில், டெலிவரி சான்று கேட்டு, போகட்டும். அந்தச் சான்று வந்ததும் பத்திரமாக வையுங்கள்.

மனைவி வீட்டார் போடுவதாகச் சொல்லும் கேஸ் பெரும்பாலும் வரதட்சணைக் கொடுமைப் பிரிவாக இருக்கும்: பழைய தண்டனைச் சட்டத்தில் 498ஏ, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85. அது கணவன் மேலும் கணவனின் உறவினர் மேலும் மட்டுமே பாயும். கணவனோடு பழகும் பெண் அந்தப் பிரிவில் 'உறவினர்' ஆகமாட்டார் என்று 2009-இல் சுவேதா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. இருந்தும் புகாரில் உங்கள் பெயரைச் சேர்த்து எழுதுவார்கள், வழக்கமாக நடப்பதுதான். சேர்த்தால் உயர் நீதிமன்றத்தில் உங்கள் அளவில் ரத்து கேட்க அந்தத் தீர்ப்பு கையில் இருக்கிறது. அவருக்கு நிலைமை வேறு. நீங்கள் ஒரே வீட்டில் இருப்பதையே காட்டி மனைவி தரப்பு விவாகரத்து வழக்கில் எதிர்வாதம் செய்யலாம். ஜீவனாம்சத் தொகை பேசும்போதும் அது அவருக்குப் பாதகமாகவே போகும்.

அடுத்து வள்ளிமலைத் தாலி. தயவுசெய்து வேண்டாம். நான் இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் காரணமே அந்த ஒரு வரிதான். சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. மனைவி இருக்கும்போது சடங்கு செய்து மறுமணம் செய்வது குற்றம். அதே சன்ஹிதாவின் பிரிவு 82-இன்படி ஏழு ஆண்டு வரை சிறை. இன்றைக்குக் கையில் ஒன்றும் இல்லாத மனைவி வீட்டாருக்கு, தாலி கட்டும் போட்டோ ஒன்று போதும். இரண்டாவது இடி, அந்தத் தாலி உங்களை மனைவியும் ஆக்காது. இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். ஒருவர் கிறிஸ்தவராக இருந்து இந்து முறையில் செய்த திருமணம் செல்லாது என்று 2008-இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. தமிழ்நாட்டின் சுயமரியாதைத் திருமணப் பிரிவான 7ஏ-யும் இரண்டு இந்துக்களுக்கானதுதான். கோர்ட் வாசலில் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். நோட்டரிக்குத் திருமணம் நடத்தி வைக்கும் அதிகாரம் இல்லை.

இப்போது கசப்பான பகுதி. "ஒன்றரை வருடம் சேர்ந்து வாழ்ந்தால் மனைவிக்குள்ள உரிமை வந்துவிடுமாமே" என்று பலர் நினைக்கிறார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, 'திருமணம் போன்ற உறவில்' இருக்கும் பெண்ணுக்கும் பாதுகாப்பு தருகிறது, உண்மைதான். அடி உதைக்குத் தடை, வீட்டில் இருக்கும் உரிமை, மாதச் செலவு, நஷ்டஈடு எல்லாம் அதில் கேட்கலாம். ஆனால் கோவையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கில், 2010-இல், அந்த உறவுக்கு நாலு நிபந்தனை வகுத்தார்கள். சமூகத்தின் முன் தம்பதி போல வாழ்ந்திருக்க வேண்டும். திருமண வயது ஆகியிருக்க வேண்டும். திருமணம் செய்துகொள்ளச் சட்டத் தடை இல்லாதவர்களாக, அதாவது வேறு கணவனோ மனைவியோ இல்லாதவர்களாக இருக்க வேண்டும். விருப்பத்தோடு குறிப்பிடத்தக்க காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் மூன்றாவது நிபந்தனை விழுகிறது. மணமானவர் என்று தெரிந்தே சேர்ந்த பெண்ணுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை என்று 2013-இல் இந்திரா சர்மா வழக்கில் இன்னும் அழுத்தமாகச் சொன்னார்கள். அந்தப் பெண் 18 வருடம் சேர்ந்து வாழ்ந்தவர், அதுவே எடுபடவில்லை.

அதனால் இன்றைய தேதியில் நீங்கள் சட்டத்தின் கண்ணில் அவருக்கு யாருமில்லை. நாளை அவர் கை நீட்டினால் அடிதடிக்கான பொதுவான குற்றப் பிரிவுகளில் புகார் கொடுக்கலாம், அதைத் தடுக்க யாராலும் முடியாது. வீட்டில் இருக்கும் உரிமை, மாதச் செலவு என்று போக வழியில்லை. திருமணம் செய்வதாகப் பொய் சொல்லி உறவு கொண்டால் பத்து ஆண்டு வரை தண்டனை தரும் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 69 இருக்கிறதே என்று உங்களுக்கு யாராவது சொல்லலாம். அதற்கு, வாக்குக் கொடுத்த அன்றே நிறைவேற்றும் எண்ணம் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். விவாகரத்து நிலுவையில் இருப்பது உங்களுக்குத் தெரிந்தே தொடங்கிய உறவில் அது மிகக் கடினம். அதை நம்பி இருக்க வேண்டாம். சட்டம் தானாகத் தராததைக் காகிதம் தரும். அதைச் செய்ய இப்போது, இருவரும் சுமுகமாக இருக்கும்போதுதான் முடியும்.

வீட்டிலிருந்து தொடங்குவோம். ஒரு வாரத்தில் காலி செய்ய வைக்க ஓனருக்கு அதிகாரம் இல்லை. 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அவர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் நீங்கள் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். இவ்வளவும் சரி. ஆனால் உங்கள் பக்கமும் ஓட்டை இருக்கிறது. கணவன் மனைவி என்று சொன்னது பொய். அந்தச் சட்டத்தில் 'ஒழுக்கக்கேடான காரியத்துக்கு வீட்டைப் பயன்படுத்தினால்' காலி செய்யக் கேட்கலாம் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. ஓனரின் வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். நிற்காது என்பது என் கருத்து, ஆனால் அதை நிரூபிக்க நீங்கள் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், அதுவும் உங்கள் பெயரே இல்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு. எனவே சண்டை வேண்டாம், பேரம் பேசுங்கள். இரண்டு மாத அவகாசம், அட்வான்ஸ் முழுதும் திரும்ப, இரண்டையும் எழுத்தில். வாட்ஸ்அப்பில் ஓனர் "சரி" என்று போட்டால்கூடப் போதும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அட்வான்ஸ் யார் கைக்குத் திரும்பும் என்பதை இப்போதே கவனியுங்கள். ஒப்பந்தம் அவர் பெயரில் இருப்பதால் ஓனர் அவருக்குத்தான் கொடுப்பார். "இந்த அட்வான்ஸ் தொகை இன்னாருடைய வங்கிக் கணக்கிலிருந்து தரப்பட்டது, அதை அவருக்கே திருப்பித் தரச் சம்மதிக்கிறேன்" என்று அவர் கையெழுத்திட்ட கடிதத்தை ஓனரிடம் கொடுத்து, நகலில் ஓனர் கையெழுத்து வாங்குங்கள். காலி செய்து ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் தர வேண்டும் என்பது சட்டம்.

புது வீடு பார்க்கும்போது உறவைப் பற்றிப் பொய் சொல்லாதீர்கள். சத்துவாச்சாரியிலும் விருதம்பட்டிலும் படிக்க வந்தவர்களுக்கும் வைத்தியத்துக்கு வந்தவர்களுக்கும் வாடகைக்கு விட்டுப் பழகிய ஓனர்கள் இருக்கிறார்கள்; பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் முகம் சுளித்தாலும் இரண்டு பேர் கொடுப்பார்கள். ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் வரட்டும். 'மனைவி' என்ற சொல்லே வேண்டாம். "வாடகைதாரர் 1: இன்னாரின் மகன் இன்னார், வாடகைதாரர் 2: இன்னாரின் மகள் இன்னார், இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்று எழுதினால் போதும். அட்வான்ஸில் யார் எவ்வளவு என்பதையும் ஒரு வரி சேருங்கள். சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது, 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற வால் வைத்து. நம் ஊரில் அந்த வால்தான் ஆடுகிறது, இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். 11 மாதம் என்று போட்டால் பதிவு தேவையில்லை என்பது பழைய கணக்கு. எத்தனை மாதமானாலும் எழுத்தில் போட்டு, 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதிந்து எண் வாங்க வேண்டும். எழுத்து ஒப்பந்தமே இல்லாவிட்டால், காலி செய்யக் கேட்க ஓனருக்கு அதுவே காரணம்.

கார் தவணைக்கு வருவோம். 14 மாதத்தில் 1,28,800 ரூபாய். கார் அவர் பெயரில், கடன் அவர் பெயரில். நீங்கள் கட்டியது அன்பளிப்பு என்று நாளை அவர் சொன்னால் மறுக்க உங்களிடம் என்ன இருக்கிறது? கூகுள் பே பதிவு பணம் போனதைக் காட்டும், கடனாகப் போனது என்று காட்டாது. அன்பளிப்பு என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு: வருமான வரிச் சட்டத்தில் நீங்கள் அவருக்கு 'உறவினர்' இல்லை, ஆகவே ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் போனால் அது அவருடைய வருமானமாகிவிடும். புரோநோட்டு எழுதி வாங்குங்கள். கடையில் அச்சடித்த தாளே போதும், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் குறுக்கே அவர் கையெழுத்து. வாசகம் இப்படி இருக்கட்டும்: "என்னுடைய கார் கடன் தவணைக்காக இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை தங்கள் வங்கிக் கணக்கின் மூலம் நான் கடனாகப் பெற்ற ரூபாய் 1,28,800-ஐ, தாங்களாவது தங்கள் ஆர்டர் பெற்றவர்களாவது கேட்கும்போது தந்து இந்த நோட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." எழுதிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் உயிர். அதற்குள் ஆயிரம் ரூபாயாவது அவர் திருப்பிக் கொடுத்து, நோட்டின் பின்புறம் அவர் கையால் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து மீண்டும் மூன்று வருடம். தவணை கட்டுவதை இந்த மாதமே அவர் கணக்குக்கு மாற்றிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

வீட்டுச் செலவு யார் எவ்வளவு என்று உடன்படிக்கை எழுதினால் செலவு, சாமான், கடன் இவற்றை மட்டும் எழுதுங்கள். 'சேர்ந்து வாழ்வதற்கு ஈடாக' என்ற பொருள் எங்காவது வந்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் முழுத்தாளும் செல்லாது என்று வாதிட இடம் கொடுக்கும்.

அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சட்டப்படி வாரிசு மனைவியும், தாயார் உயிரோடு இருந்தால் தாயாரும். உங்களுக்கு ஒரு ரூபாயும் வராது. அவருடைய சுய சம்பாத்தியத்தை அவர் உயிலில் எழுதினால்தான் உண்டு. வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டாலே உயில் செல்லும். எதிர்ப்பு நிச்சயம் வரும் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் சாட்சியாக இருக்கக் கூடாது. பி.எஃப். உயிலுக்குக் கட்டுப்படாது. மனைவி இருக்கும்போது குடும்பத்தாருக்கு வெளியே ஒருவரை நாமினி போட்டால் அது செல்லாது. கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். வங்கிக் கணக்குக்கு உங்களை நாமினி போடலாம். ஆனால் நாமினி பணத்தை வாங்கி வைக்கும் கை மட்டுமே, வாரிசுகள் கேட்டால் கொடுக்க வேண்டும். நீங்கள் இப்போது உயில் எழுதினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கிறிஸ்தவரின் உயில் பின்னால் அவர் திருமணம் செய்துகொண்டதும் தானாக ரத்தாகிவிடும். கல்யாணத்துக்குப் பின் மறுபடி எழுத வேண்டும்.

மருத்துவமனை விஷயம் உங்களுக்கே தெரியும், நினைவு தப்பினால் 'யார் கையெழுத்துப் போடுவது' என்றுதான் முதல் கேள்வி. முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தில், முடிவெடுக்கும் பொறுப்பை ஒப்படைக்க ஒருவர் பெயரைக் குறிக்கலாம். 2023-இல் உச்ச நீதிமன்றம் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்து, அவ்வளவுதான். மாஜிஸ்திரேட்டிடம் போகத் தேவையில்லை. உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது பற்றிய ஆவணம் அது. எல்லா ஆபரேஷனுக்கும் அது சாவி ஆகாது.

குழந்தை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கரு தரித்தால் வைத்துக்கொள்வதும் கலைப்பதும் உங்கள் சம்மதம் மட்டும். திருமணமாகாத பெண்ணுக்கும் மற்றவர்களுக்குள்ள அதே உரிமை உண்டு என்று 2022-இல் தீர்ப்பு வந்துவிட்டது. குழந்தை பிறந்தால், பெற்றோர் திருமணம் செய்தவர்களோ இல்லையோ, தந்தையிடம் ஜீவனாம்சம் கேட்கும் உரிமை குழந்தைக்கு உண்டு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 144-இல். சொத்துரிமைதான் சிக்கல், திருமணமே நடக்காத உறவில் பிறந்த குழந்தைக்கு இருவருமே உயில் எழுதி வைப்பது அவசியம்.

முடிவான வழி விவாகரத்தை முடிப்பதுதான். நாலு வருடம் சண்டையில் போய்விட்டது என்றால், மனைவி தரப்போடு ஒரு தொகை பேசி, பரஸ்பர சம்மத மனுவாக மாற்றக் கேட்கலாம். ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்ய 2017 தீர்ப்பு இடம் தருகிறது. தீர்ப்பு வந்த மறுநாளே கல்யாணம் வேண்டாம். மேல்முறையீட்டுக்கு 90 நாள் விட்டுவிட்டு, மேல்முறையீடு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சிறப்புத் திருமணச் சட்டத்தில் உங்கள் பகுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுங்கள். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் 30 நாள் பலகையில் தொங்கும். அவருடைய நிரந்தர முகவரி ஆற்காடு, அது இப்போது ராணிப்பேட்டை மாவட்டம் என்பதால், நகல் அங்கேயும் போய் ஒட்டப்படும். அவர் வீட்டாருக்குத் தெரியவரும் என்பதை எதிர்பார்த்தே இருங்கள். தடை வராவிட்டால் மூன்று சாட்சிகளோடு கையெழுத்து. நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. விவாகரத்துத் தீர்ப்பு வந்ததுமே அதன் சான்றிட்ட நகலை இரண்டாக வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் நோட்டீஸே வாங்கமாட்டார்கள்.

வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மிரட்டல் எல்லை மீறினால் பெண்கள் உதவி எண் 181. போகும்போது 14 மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம், ஓனரின் வாட்ஸ்அப் செய்திகள், அவருடைய விவாகரத்து வழக்கு எண் இவற்றை எடுத்துச் செல்லுங்கள். நகல் மட்டும் கொடுங்கள். புரோநோட்டின் அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.